சுவிட்ச் போர்டிலிருந்து தொடங்குவோம்: மென்பொருள் மாணவர்களுக்கு இடைமுக வடிவமைப்பு

இறுதியாண்டு புராஜெக்ட் மதிப்பாய்வுக்கு வரும் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு கேள்வி கேட்பேன்: "இடைமுகத்தை யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?" நான்கு பேரில் மூன்று பேர் நான்காவது ஆளைக் கைகாட்டுவார்கள். "இவள்தான் சார், நன்றாக வரைவாள்." தரவுத்தளம், நிரல், சர்வர் எல்லாம் முடிந்த பிறகு கடைசி வாரத்தில் நிறத்தையும் எழுத்துருவையும் தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுவதைப் போன்ற ஏற்பாடு.

மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் நடத்துகிறவர்களிலும், வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இடைமுகம் என்றாலே அழகு என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. அது உண்மையில் என்ன, அதை ஏன் மென்பொருள் பொறியியலுக்குள்ளேயே வைத்துச் சொல்லித்தர வேண்டும், எப்படிச் சொல்லித்தரலாம் என்பதை இங்கே அடியிலிருந்து பார்ப்போம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம்.

ஆறு சுவிட்சுகள்

உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவிட்ச் போர்டை நினைத்துப்பாருங்கள். ஒரே வரிசையில் ஆறு சுவிட்சுகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. மின்விசிறிக்கு எது, குழல்விளக்குக்கு எது, வாசல் விளக்குக்கு எது? வீட்டுக்காரர்களுக்குக் கை பழகியிருக்கும். ஊரிலிருந்து வந்த மாமா ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்ப்பார். நடுவே பாட்டி பார்த்துக்கொண்டிருக்கும் டிவி அணைந்துபோகும். "அது இல்லை மாமா, கடைசிக்கு முந்தியது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

அந்தப் போர்டில் பழுது எதுவும் இல்லை. ஆறும் சரியாகவே வேலை செய்கின்றன. வரிசை மட்டும், ஒயர் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்த வசதிக்கு எலக்ட்ரீஷியன் இணைத்த வரிசை. அறையில் விளக்கு எங்கே தொங்குகிறது, விசிறி எங்கே சுழல்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. செய்தவருடைய வசதியைப் பயன்படுத்துகிறவர் சுமக்கிறார். சுவிட்சுகளுக்குத் தங்க முலாம் பூசினாலும் மாமா தடவிக்கொண்டுதான் நிற்பார்.

இப்போது சொல்லை வரையறுத்துக்கொள்வோம். ஒரு பொருளும் அதைப் பயன்படுத்தும் மனிதரும் பேசிக்கொள்ளும் இடம்தான் இடைமுகம். மனிதர் தமக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லும் வழியும், பொருள் தன் நிலை என்ன என்பதைச் சொல்லும் வழியும் அதில் அடங்கும். திரையின் நிறம் இந்தப் பேச்சில் ஒரு சிறு பகுதி.

மென்பொருளிலும் எலக்ட்ரீஷியன் செய்ததையே நாம் தினமும் செய்கிறோம். ஒரு கல்லூரியின் தரவுத்தளத்தில் மாணவர், முகவரி, கட்டணம் என்று மூன்று அட்டவணைகள் இருக்கும். நிரலை எழுதியவர் அதே வரிசையில் மூன்று பக்கங்களை உருவாக்கிவிடுவார். கட்டணம் கட்ட வந்த தாய் மூன்று பக்கங்களையும் கடந்து போக வேண்டும். அவருக்கு வேண்டியிருந்ததோ ஒரே பதில்: "என் மகள் பேரில் எவ்வளவு பாக்கி?"

மனதில் இருக்கும் படம்

வெயிலில் அலைந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவுடன் ஏசியை 16இல் வைப்பவர்கள் நம்மில் பலர். 24இல் வைப்பதைவிட அறை விரைவாகக் குளிரும் என்று நம்புகிறோம். இன்வெர்ட்டர் வகையைச் சேராத சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடும். நாம் வைக்கும் எண், அது எப்போது நிற்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. அப்படியென்றால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மின்விசிறி ரெகுலேட்டரிலிருந்து. அதில் எண்ணைக் கூட்டினால் வேகம் கூடும். பழகிய ஒரு பொருளின் படத்தைப் பழகாத பொருளின் மேல் பொருத்திப் பார்க்கிறோம்.

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பயன்படுத்துகிறவர் மனதில் வைத்திருக்கும் இந்தப் படத்துக்கு மனப்படிமம் என்று பெயர். அது தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் அதை நம்பித்தான் அவர் பொத்தானை அழுத்துவார். வடிவமைப்பவரின் முதல் வேலை அந்தப் படத்தைக் கண்டறிவது.

இரண்டாவது சொல், பின்னூட்டம். நாம் ஒன்றைச் செய்த பிறகு, என்ன நடந்தது என்று பொருள் நமக்குத் திருப்பிச் சொல்வதே பின்னூட்டம். கடையில் க்யூஆர் குறியீட்டைப் படம்பிடித்துப் பணம் அனுப்பியதும் கைபேசியில் ஒரு வட்டம் சுழல்கிறது. பணம் போனதா, போகவில்லையா? மறுபடி அனுப்பலாமா, கூடாதா? அந்தச் சில வினாடிகள் இருவருக்குமே சங்கடம். கடைக்காரரின் மேசையில் இருக்கும் சிறு ஒலிப்பெட்டி "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்ன பிறகுதான் மூச்சு வருகிறது. பரோட்டா மாவு பிசைந்த கையோடு நிற்பவர் கைபேசியைத் தொட வேண்டியதில்லை, திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. அந்தப் பெட்டியை யோசித்தவர்கள் கடைக்காரரின் கைகளை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பின்னூட்டம் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 1979 மார்ச் 28 சாட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'மூடு' என்ற கட்டளை போனதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதை அல்ல. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறியது. உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகியது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்ப்போம். மனிதரும் பொருளும் பேசும் இடம் இடைமுகம். மனிதர் மனப்படிமத்தை வைத்துப் பேசுகிறார், பொருள் பின்னூட்டத்தால் பதில் சொல்கிறது. அமெரிக்க அறிவாற்றல் அறிவியலாளர் டான் நார்மன் 1980களில் இதையே இரண்டு பள்ளங்களாக விளக்கினார். நினைத்ததைச் செய்யும் வழி தெரியாமல் நிற்பது ஒரு பள்ளம், நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாமல் நிற்பது இன்னொரு பள்ளம். சுவிட்ச் போர்டு முதல் வகை, அணையாமல் இருந்திருக்க வேண்டிய அந்த விளக்கு இரண்டாம் வகை.

"பயனர் தவறாக அழுத்திவிட்டார்"

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களில் வினோதமான விபத்துகள் நடந்தன. பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையைத் தேய்க்கும். 'விமானியின் தவறு' என்று கோப்பு மூடப்படும். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் விமான அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும், இறக்கையின் மடிப்புத் தகடுகளுக்கான விசையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன. களைத்துப்போன விமானி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இழுத்தார், அவ்வளவுதான். சக்கர விசையின் நுனியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மற்றதன் நுனியில் ஆப்பு போன்ற ஒன்றையும் பொருத்தச் செய்தார் சபானிஸ். கண்ணால் பார்க்காமல் கையாலேயே வேறுபாடு தெரிந்தது, அந்த விபத்துகள் நின்றன. இன்றைய பயணிகள் விமானத்திலும் அந்த விசையின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

இந்தக் கதையை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு மாணவர்களின் அறிக்கையில் "பயனர் தவறாக அழுத்திவிட்டார்" என்ற வாக்கியம் வரக்கூடாது. அவர் ஏன் அதை அழுத்தினார், அந்த நேரத்தில் திரை அவருக்கு என்ன காட்டியது என்று எழுத வேண்டும். வாக்கியம் மாறினால் தேடும் இடமும் மாறுகிறது.

இது ஏன் பொறியாளரின் பாடம்?

நியாயமான கேள்வி ஒன்று எழும். இதையெல்லாம் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர் பார்த்துக்கொள்ளலாமே, நிரல் எழுதுகிறவருக்கு எதற்கு? மேலே தெரிவது திரை, உள்ளே இருப்பது நிரல், நடுவில் ஒரு கோடு என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. அந்தக் கோடு எவ்வளவு கற்பனையானது என்பதைத் தெராக்-25 காட்டியது.

கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் அது. 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு நோயாளிகள் அதில் பன்மடங்கு மிகையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். 1986இல் டெக்சாஸில் நடந்ததை மட்டும் பார்ப்போம். சிகிச்சை எலக்ட்ரான் கற்றையால். அதற்கு 'இ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்ட வேண்டும். இயந்திரத்தை இயக்கியவர் பழக்கத்தில் எக்ஸ்-கதிருக்கான 'எக்ஸ்' எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேலே நகர்ந்து, திருத்தி, மற்ற வரிகளை விறுவிறுவென்று கடந்து கீழே வந்தார். திரையில் 'இ' என்றே தெரிந்தது. உள்ளே கற்றையைத் திருப்பும் காந்தங்கள் தயாராக ஏறக்குறைய எட்டு வினாடிகள் ஆகும். அதற்குள் நடந்து முடிந்த திருத்தத்தை நிரலின் இன்னொரு பகுதி கவனிக்கவே இல்லை. திரை ஒரு நிலையைச் சொன்னது, இயந்திரம் வேறொரு நிலையில் இருந்தது. சிகிச்சை நின்று "மால்ஃபங்ஷன் 54", அதாவது 'கோளாறு 54', என்று ஒரு வரி வந்தது. 54 என்றால் என்ன என்று திரையிலும் இல்லை, கையேட்டிலும் விளக்கம் இல்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்து பழகியதால், தொடர்வதற்கான 'பி' (P) விசையை அழுத்துவது அங்கே வழக்கமாகியிருந்தது. அழுத்தினார். நோயாளியின் மேல் கற்றை இரண்டாம் முறையும் பாய்ந்தது.

இதில் நிரல் பிழை எது, இடைமுகப் பிழை எது என்று பிரித்துச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்பேன். பத்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

உயிர் போகாத, அன்றாட உதாரணமும் உண்டு. 'அண்டூ' பொத்தான், அதாவது செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. பார்க்க ஒரு வளைந்த அம்புக்குறி, வரைவதற்கு ஒரு நிமிடம். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால் பயனர் செய்த ஒவ்வொன்றையும், அதற்கு எதிரானதையும் நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். அழித்த பதிவைத் தரவுத்தளத்திலிருந்து உண்மையாகவே நீக்கியிருந்தால் எந்தப் பொத்தானாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நீளமான ஒரு வேலையை நடுவில் ரத்து செய்வதும் இப்படியே. கடைசி வாரத்தில் நன்றாக வரைகிறவளிடம் கொடுத்துச் சேர்த்துவிடக்கூடிய வசதிகள் அல்ல இவை. முதல் வாரத்தில் நிரலின் எலும்புக்கூட்டோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டியவை.

தமிழுக்கென்று ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்போம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்துவைக்கும் யூனிகோடு முறையில் கணினி ஐந்து என்று எண்ணும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பெயருக்கு இருபது இடம் போதும் என்று நிரலில் எழுதிவிட்டால், நீளமான பெயர்கொண்ட ஒருவரின் கடைசி எழுத்து புள்ளியை இழந்து நிற்கும். அந்தப் பெயரின் முடிவில் வரும் 'கண்ணன்' 'கண்ணன' ஆகிவிடும். தன் பெயரைத் தவறாகப் படிக்கும் அந்த மனிதர் பார்ப்பது திரையை. கோளாறு இருப்பது நிரலின் ஒரு வரியில்.

வேலையின் அளவும் இதையே சொல்கிறது. பிராட் மையர்ஸ், மேரி பெத் ராஸன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 74 மென்பொருள்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கணக்கின்படி, நிரலில் சராசரியாக 48 சதவீதம் இடைமுகத்துக்கே போயிருந்தது. பாடத்திட்டத்தின் பக்கம் திரும்புவோம். கணினி, மின்பொறியியல் துறைகளின் சர்வதேசச் சங்கங்களான ஏசிஎம், ஐஇஇஇ அமைப்புகளின் 2013ஆம் ஆண்டுக் கணினி அறிவியல் பரிந்துரையில் அடிப்படைப் பாட நேரம் மொத்தம் 308 மணி. அதில் இடைமுகத்தைப் பற்றிய பாடமான மனிதர்–கணினி ஊடாட்டத்துக்கு 8 மணி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது விருப்பப் பாடமாக இருக்கிறது. இருப்பதே நல்லதுதான். ஆனால் அந்த விருப்பப் பாடத்தை எடுக்காத மாணவரும் வேலைக்குப் போனதும் யாரோ ஒருவர் பயன்படுத்தப்போகும் திரையைத்தான் எழுதப்போகிறார்.

சுருக்கமாக: திரையில் தெரிவது உள்ளே இருப்பதோடு பிணைந்தது. ஆகவே தேவைகளைச் சேகரிப்பது, கட்டமைப்பு, சோதனை என்று மென்பொருள் பொறியியலின் ஒவ்வொரு கட்டத்திலும் இடைமுகம் வர வேண்டும்.

வகுப்பில் எங்கே தொடங்குவது?

கருவியில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃபிக்மா போன்ற வரைகருவியைக் கற்றுக்கொடுத்துவிட்டு இடைமுக வடிவமைப்பை நடத்திவிட்டதாகச் சொல்கிறோம். தட்டச்சு தேர்வில் தேறியவர் கதை எழுதக் கற்றுவிட்டார் என்று சொல்வோமா?

ஆய்வாளர்கள் ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985இல் மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள். தொடக்கத்திலேயே பயன்படுத்தப்போகும் மனிதரையும் அவர் வேலையையும் கவனி; மாதிரியைக் கொடுத்து அவர் செய்வதைப் பார்த்து அளந்துகொள்; திருத்தி மறுபடி கொடு. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பருவம் முழுவதையும் இந்த மூன்றிலேயே ஓட்டிவிடலாம்.

அதற்கு மிக மலிவான வழி காகித மாதிரி. திரைகளைத் தாளில் பென்சிலால் வரைந்து, ஒரு மாணவர் 'கணினி'யாக உட்கார்ந்து, பயன்படுத்துகிறவர் தொட்ட இடத்துக்கு ஏற்பத் தாளை மாற்றிவைப்பார். ஒரு வரி நிரல் கிடையாது. பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறக்கும் முன்பே அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார், தேவைப்பட்டபோதெல்லாம் அதை எடுத்து எழுதுவதுபோல் செய்துபார்த்தார். தாள், மரத்துண்டு எதுவானாலும் சரி. தூக்கிப்போட மனம் வலிக்காததாக இருக்க வேண்டும். மூன்று வாரம் உழைத்து எழுதிய நிரலை எந்த மாணவரும் மனமுவந்து கிழிக்க மாட்டார், தாளைக் கிழிப்பார்.

மாலை ஆறு மணி, விடுதி வாசல்

ஒரு குழு விடுதியின் அவுட்பாஸ் முறையைச் செயலியாக மாற்றியது. வார்டன் கையெழுத்திட்ட சீட்டு இனி வேண்டாம், கைபேசியில் காட்டினால் போதும். நண்பர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். "வாசலில் இதைப் படிக்கப்போவது யார்?" என்று கேட்டேன். மாலை ஆறு மணிக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு காவலாளி அண்ணனிடம் போனோம்.

தாளில் மேலே சிறு சதுரமாக மாணவரின் படம், பெயர், பன்னிரண்டு இலக்கப் பதிவெண், துறை, தேதி, பச்சையில் பொடி எழுத்தில் 'அனுமதிக்கப்பட்டது', கீழே 'சரிபார்' என்ற பொத்தான். "இந்த மாணவரை வெளியே விடலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா" என்றார்கள். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது என்பது விதி. உண்மையான பயனரிடம் உண்மையான வேலையைக் கொடுத்துவிட்டு, உதவாமல் கவனிப்பதற்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். மாணவர்களுக்கு மிகக் கடினமான பகுதி இந்த மௌனம்தான்.

அவர் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். படத்தைத் தொட்டார். 'கணினி' அசையவில்லை. மறுபடி தொட்டார். "அண்ணா, கீழே பச்சையாக…" என்று ஒரு மாணவன் தொடங்க, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அரை நிமிடம் போனது. "இதைத் தொட்டால் பெரிதாகாதா தம்பி? ஆள் இவன்தானா என்று பார்க்க வேண்டாமா?" என்றார். பிறகு தாளை மேலும் கீழும் தேடினார். "எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது?"

எங்கேயும் போட்டிருக்கவில்லை. அவர் வேலைக்கு இரண்டே கேள்விகள்: ஆள் இவர்தானா, எதுவரை. பதிவெண்ணும் துறையும் அலுவலகத்துக்கு வேண்டியவை. தரவுத்தளத்தில் இருந்ததையெல்லாம் திரையில் கொட்டிய அதே சுவிட்ச் போர்டு வேலை.

எத்தனை பேரிடம் சோதிக்க வேண்டும்?

'ஐந்து பேர் போதும்' என்ற வாசகம் வேதவாக்காகச் சுற்றுகிறது. ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் செய்த கணக்கிலிருந்து வந்தது அது. சராசரியாக ஒருவரைக் கவனித்தால் 31 சதவீதச் சிக்கல்கள் தெரியவரும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் 85 சதவீதம் அளவுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கண்டதையே திரும்பக் காட்டுவார்கள். இதில் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறோம். ஐந்து பேரும் ஒரே வகைப் பயனராக இருக்க வேண்டும்; மாணவர் ஐந்து பேரைப் பார்த்ததால் காவலாளியைப் பார்த்ததாகாது. அடுத்தது, அது ஒரு சுற்றுக்கான எண். திருத்திய பிறகு மறுபடி ஐந்து பேர் வேண்டும். மேலும் இந்தச் சோதனை சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். ஐந்து பேர் தடுக்காமல் கடந்துவிட்டதால் செயலி நல்லது என்று நிரூபணமாகிவிடாது.

மதிப்பெண் எதற்கு?

முடிந்த திரையின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் மாணவர்கள் அழகைத்தான் தருவார்கள். நான் பாதி மதிப்பெண்ணை ஒரு குறிப்பேட்டுக்கு ஒதுக்குகிறேன். யாரைக் கவனித்தோம், அவர் எங்கே தயங்கினார், என்ன சொன்னார், அதனால் எதை மாற்றினோம், நிரலில் எந்தப் பகுதி மாறியது என்று அதில் இருக்க வேண்டும். எதுவுமே மாறவில்லை என்று எழுதும் குழுவிடம், யாரையும் கவனிக்கவில்லையா என்று கேட்பேன்.

அவுட்பாஸ் குழு அடுத்த வாரம் இரண்டாவது தாளோடு வாசலுக்குப் போனது. இந்த முறை பாதித் திரைக்குப் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் 'இரவு 8:30 வரை'. அண்ணன் ஒரு பார்வை பார்த்தார், தலையசைத்தார். பத்து வினாடிகூட ஆகவில்லை. மாணவர்கள் மகிழ்ச்சியோடு தாளைச் சுருட்டும்போது அவர் தன் பழைய நோட்டைத் திறந்து காட்டினார். கோடு போட்டு இரண்டு பத்திகள்: போனது, வந்தது.

"சரி தம்பி, திரும்பி வந்ததை இதில் எங்கே குறிப்பது?"

மூன்று மாதமாக அவர்கள் உருவாக்கிவந்த அட்டவணையில் வெளியேறிய நேரத்துக்கு இடம் இருந்தது. திரும்பிய நேரத்துக்கு இல்லை. வாசலிலேயே மடிக்கணினியைத் திறந்து, அவர் நோட்டைப் பார்த்துப் பார்த்து, அட்டவணையை மாற்றி எழுதத் தொடங்கினார்கள்.